சனிக்கிழமைக்குக் காசு கொடுக்கலாம்

9,500 ரூபாய், இரண்டு நாள். மத்தியானச் சோறும் இரண்டு நேரத் தேத்தண்ணியும் அதற்குள்ளேயே அடக்கம். வியாபாரம் செய்கிறவர்கள் தங்கள் வலைப்பதிவைக் கதையாக எழுதப் பழகும் வகுப்பு. கொழும்பிலிருந்து வந்தவர்கள் திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். அவர்களுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. நல்லதும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. பெயரைப் போட்டால் சனம் குறையை மட்டும்தான் தூக்கிக்கொண்டு திரியும். போனது மார்ச் மாதம், எழுதுவது ஓகஸ்ட் மாதம். வகுப்பு முடிந்த அன்றிரவே 'அருமை, அற்புதம்' என்று நட்சத்திரம் போட்டவர்களும் இருக்கிறார்கள். சொல்லித்தந்தது பலித்ததா என்று பார்க்காமல் நான் எப்படி எழுதுவது?

எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம். திருக்கடலூரில் வீட்டு வளவிலேயே காயப்போடுகிறோம். மீன் எடுப்பது, வெட்டுவது, உப்புப் போடுவது எல்லாம் இவருடைய பொறுப்பு. கணக்கு, போன், பார்சல் என்னுடையது. கட்டா, சீலா, நெத்தலி, சூடை. வெள்ளவத்தைக்கும் வத்தளைக்கும் கூரியரில் போகும். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் லீவுக்கு வருகிறவர்கள் போகும்போது மூன்று பைக்குள் சுற்றிச் சூட்கேசுக்குள் வைத்துக் கொண்டுபோவார்கள். மூன்று வருடத்துக்கு முன் மருமகன் பிள்ளை ஒரு இணையத்தளம் செய்து தந்தான். அதில் 'பதிவுகள்' என்று ஒரு பகுதி சும்மா கிடந்தது. வெறுமையாகக் கிடந்தால் கடை பூட்டியது மாதிரி இருக்கும் என்று நினைத்து, எழுதித் தருகிற ஒரு இடத்தில் பத்துப் பதிவுக்கு 20,000 கட்டினேன்.

வந்த முதல் பதிவின் முதல் வசனம் இது: 'கருவாடு என்பது மனிதகுலத்தின் மிகப் பழமையான உணவுப் பாதுகாப்பு முறைகளில் ஒன்றாகும்.' பிழையில்லை. ஆனால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையில்கூட இதைவிட உயிர் இருக்கும். பத்தில் ஐந்து பதிவில் ஒமேகா 3 வந்தது. எட்டில் 'எமது உற்பத்திகள் சுகாதாரமான முறையில் தயாரிக்கப்படுகின்றன' என்று வந்தது. பதினொரு மாதத்தில் ஒரேயொரு பின்னூட்டம் வந்தது, அதுவும் குறைந்த வட்டிக்குக் கடன் தருவதாகச் சொன்ன ஒருவருடையது. அந்த 20,000 ரூபாய்க் கடுப்போடுதான் இந்த வகுப்புக்குப் போனேன் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். கடுப்போடு போனவள் எழுதும் விமர்சனம் இது.

மொத்தம் இருபத்திரண்டு பேர் வந்திருந்தோம். நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் ஒரு தம்பி, கிண்ணியாவிலிருந்து தயிர் விற்கும் ஒரு பொடியன், அலஸ் தோட்டத்தில் நாலு அறை வாடகைக்கு விடும் ஒரு அக்கா, மோட்டார் உதிரிப்பாகக் கடைக்காரர், கேக் செய்து விற்கும் இரண்டு பிள்ளைகள், தையல், தேன், தும்புத்தடி என்று பல வகை. சொல்லித்தந்தவருக்கு முப்பது வயது இருக்கும். எல்லாரும் 'சேர்' என்றார்கள், நானும் சேர் என்றேன், மனதுக்குள் தம்பிதான்.

ஒன்பது மணி என்று போட்டுவிட்டுப் பத்துக்குத் தொடங்கினார்கள். திரையில் படம் காட்டும் பெட்டிக்கு வயர் வரவில்லை. யாரோ மோட்டார் சைக்கிளில் போய் வாங்கி வந்தார்கள். காசு கட்டி வருகிறவர்களுக்கு ஒரு மணித்தியாலம் பெரிய விடயம். கருவாட்டை வெயிலில் போட்டுவிட்டு, காக்கா விரட்ட மகளை இருத்திவிட்டு வந்தவள் நான்.

காலையில் கோட்பாடு. குஸ்தாவ் ஃப்ரைட்டாக் என்ற ஜெர்மன்காரர் 1863இல் சொன்ன முக்கோணத்தைப் பலகையில் கீறினார். அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், அழிவு. அந்த மனிதர் அதைக் கட்டியது கிரேக்கத் துன்பியல் நாடகங்களையும் ஷேக்ஸ்பியரையும் பார்த்து. ஐந்தாவது படி அழிவு என்று சேர் சொன்னபோது உதிரிப்பாகக் கடைக்காரர், 'எங்களுக்கு 2022இல அது முடிஞ்சுது சேர்' என்றார். மண்டபமே சிரித்தது. பெற்றோலும் இல்லாமல் உதிரிப்பாகமும் இறங்காமல் அந்த ஆள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்த வருடம் அது. பிறகு ஜோசப் கேம்பல் 1949இல் எழுதிய வீரனின் பயணம்: வீட்டை விட்டுப் புறப்படுவான், சோதனை வரும், வழிகாட்டி ஒருவர் வருவார், எதையோ வென்று திரும்பி வருவான். உங்கள் பதிவில் வீரன் நீங்கள் இல்லை, வாடிக்கையாளர்தான் வீரன், நீங்கள் வழிகாட்டி என்று சேர் சொன்னார். இது நல்ல கருத்துத்தான். எல்லா வியாபாரத்துக்கும் பொருந்துமா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இடையில் மிச்செலின் கதையும் வந்தது. டயர் செய்கிற பிரெஞ்சுக் கம்பனி 1900இல் கார் ஓட்டிகளுக்கு ஒரு கையேடு அச்சடித்து இலவசமாகக் கொடுத்தது. பிரான்சில் அப்போது மூவாயிரம் கார்கூட இல்லை, அச்சடித்ததோ 35,000 பிரதி. உள்ளே டயர் மாற்றுவது எப்படி, பெற்றோல் எங்கே கிடைக்கும், இரவு எங்கே தங்கலாம் என்ற விபரங்கள். ஆட்கள் தூரம் ஓடினால் டயர் தேயும், டயர் தேய்ந்தால் வாங்குவார்கள். சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது 1926இல்தான். இதைக் கேட்டபோது எனக்குப் பொறி தட்டியது. நான் கருவாட்டைப் பற்றி எழுதத் தேவையில்லை, கருவாடு வாங்குகிறவளின் குசினியைப் பற்றி எழுதலாம். மாடி வீட்டில் இருக்கிறவள் கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டுக்காரி என்ன சொல்வாள்? அதுவே ஒரு பதிவு. பிறகு எழுதினேன், ஓரளவு ஓடியது.

மற்றதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தபோது, எங்களுக்கு இதெல்லாம் ஏன் ஜெர்மனியிலிருந்து வரவேணும் என்ற யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. சாதாரண தரத்துக்குத் தமிழ் படித்தவர்களுக்கு முதல், கரு, உரி ஞாபகம் இருக்கும். முதலில் இடமும் பொழுதும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் இருக்கிற மரம், பறவை, உணவு, தொழில். இவை இரண்டும் அமைந்தால் உணர்ச்சி தானாக வந்து உட்காரும். நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும், பொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயும் பின்னேரம், உரிப்பொருள் இரங்கல். மீன் காயப்போடுவதும், காயும் மீனைக் குருவி தூக்காமல் பெண்பிள்ளைகள் காவல் இருப்பதும் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. அன்று என் மகள் வளவில் கம்போடு இருந்தாளே, அதே வேலை. இடத்தையும் பொருளையும் சரியாக வைத்தால் 'மனம் உருகியது' என்று எழுதத் தேவையே இல்லை. இதைத் தேத்தண்ணி நேரத்தில் சேரிடம் சொன்னேன். 'சூப்பர் அக்கா, அதை ஒரு பதிவாப் போடுங்கோ' என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

மத்தியானச் சோறு நல்லது. கணவாய்க் கறி. அதைப் பற்றி வேறு எதுவும் இல்லை.

சோற்றுக்குப் பிறகுதான் நான் கட்டிய காசுக்குப் பெறுமதி வந்தது. எல்லாருக்கும் ஒரு ஒற்றைத் தாளைத் தந்து சேர் ஒரு கேள்வி கேட்டார்: 'உங்கட தொழில்ல நீங்கள் காசு இழந்த ஒரு நாளை எழுதுங்கோ. வருஷம் வேண்டாம், ஒரு நாள். காலையில இருந்து இரவு வரைக்கும் என்ன நடந்தது?' மண்டபம் அமைதியாகிவிட்டது. வெற்றி பெற்ற நாளைக் கேட்டிருந்தால் எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருப்போம். நட்டப்பட்ட நாளில்தான் ஒவ்வொருவரும் தனியாக நிற்கிறோம்.

கிண்ணியாத் தம்பி காலையில் கொண்டுவந்திருந்த பதிவு 'எருமைத் தயிரின் பத்துப் பயன்கள்'. பின்னேரம் அவன் வாசித்தது வேறு. பாலம் வராத காலம், அக்கரைக்குப் போக 'பாதை' என்கிற மிதவைப் படகுதான். அவனுடைய வாப்பா விடியச் சாமம் எழும்பி, தயிர் முட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாதையடிக்கு வருவார். பாதை அக்கரையில் நின்றால் காத்திருக்க வேணும். வெயில் ஏற ஏற முட்டிகளுக்கு மேல் சாக்கை நனைத்து நனைத்துப் போடுவார். ஒரு நாள் பாதை பழுது. பதினொரு மணி வரை நின்று பார்த்துவிட்டு நாற்பது முட்டியையும் திருப்பிக் கொண்டு வந்தார். அன்றைக்கும் அடுத்த நாளும் அந்த ஒழுங்கை முழுக்கப் புளித்த தயிர் சாப்பிட்டது. உம்மா முட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தபோது ஒன்றும் பேசவில்லையாம். 2009 ஒக்டோபரில் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர். வாப்பா தயிரோடு முதல்தரம் பாலத்தால் வந்த அன்று நடுவில் சைக்கிளை நிறுத்தி, பாதை கட்டி நின்ற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அவன் அதற்குக் கீழே 'ஆகவே தரமான தயிருக்கு இன்றே எம்மை நாடுங்கள்' என்று எழுதியிருந்தான். சேர் வந்து அந்த ஒரு வசனத்தை வெட்டினார். பாலத்தின் நடுவில் நிறுத்திவிடு, ஒரு கோடு போடு, கோட்டுக்குக் கீழே விலையையும் போன் நம்பரையும் மட்டும் போடு, கதையையும் விலையையும் ஒட்டவைக்கப் பார்க்காதே என்றார். எனக்கு இந்த வகுப்பில் கிடைத்த மிக உபயோகமான சொல் அதுதான். அதற்குப் பிறகு நான் பார்க்கிற எல்லா வியாபாரப் பதிவிலும் அந்த 'ஆகவே' கண்ணில் குத்துகிறது.

புறாமலைத் தம்பி 'புறாமலைக்குப் போக ஐந்து காரணங்கள்' என்று வைத்திருந்தான். அதில் அது 2003இல் தேசியப் பூங்காவானது, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர், முருகைக்கல், சுறா எல்லாம் இருந்தது. எல்லாப் படகுக்காரரும் அதையேதான் போட்டிருக்கிறார்கள். அவனுடைய நட்டக் கதை இது. கண்டியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், அறுபது தாண்டியவர், கடல் தண்ணீருக்குள் ஒருநாளும் முகம் வைத்ததில்லை. அவருக்காக ஒன்றரை மணித்தியாலம் இடுப்பளவு தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதில் அடுத்த பயணம் தவறிப்போய்விட்டது. கடைசியில் ரீச்சர் முகத்தைத் தாழ்த்தினார். செட்டை நுனி கறுத்த சின்னச் சுறா ஒன்று அடியால் போனது. பயப்படப்போகிறார் என்று இவன் பிடியை இறுக்க, அவர் குழாய்க்குள்ளேயே சிரித்து உப்புத் தண்ணி குடித்துவிட்டார். வாடிக்கையாளர்தான் வீரன் என்ற விதி இவனுக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. பயந்த ஆள், தண்ணீர், சுறா, சிரிப்பு, எல்லாம் அங்கேயே இருக்கிறது. ஆனால் கருவாடு வாங்குகிற அம்மாவுக்கு என்ன பயணம்? பார்சலை வெட்டுவார், பொரிப்பார், சாப்பிடுவார். அவரை வீரனாக்கப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். எங்கள் தொழிலில் கதை பார்சல் போவதற்கு முதலே நடந்து முடிந்துவிடுகிறது.

சேர் செய்த இன்னொரு வேலை: எல்லாருடைய தாளிலும் முதல் மூன்று வசனத்தைக் கோடு கீறி அடித்துவிட்டு வாசிக்கச் சொன்னார். இருபத்திரண்டில் பத்தொன்பது தாளில், வெட்டியதால் ஒரு குறையும் தெரியவில்லை. எங்களுடைய ஆட்கள் எழுத உட்கார்ந்தால் பாயை விரித்து, வெற்றிலைத் தட்டை வைத்து, வந்தவரைச் சுகம் விசாரித்துவிட்டுத்தான் விடயத்துக்கு வருவோம். நேரில் அது மரியாதை. போனில் வாசிக்கிறவர் அதற்குள் கையால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். எங்கே நிலைமை மாறத் தொடங்குகிறதோ அங்கே தொடங்குங்கள் என்றார். நானும் ஒன்று சொல்ல வேணும். கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காத்தவராயன் கழுவேறப் போகிறான் என்பது வந்து குந்தியிருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விடயம், ஆனாலும் விடியவிடிய எழும்பமாட்டார்கள். முடிவை மறைத்து வைத்தால்தான் வாசிப்பார்கள் என்று சேர் அடித்துச் சொன்னது முழுக்கச் சரியில்லை. என்ன நடக்கும் என்பதைவிட எப்படி நடந்தது என்பதற்காகவும் சனம் இருக்கும்.

என்னுடைய தாளுக்கு வருகிறேன். அன்று நான் எழுதியதில் வெட்டு விழுந்தது போக மிஞ்சியதை அப்படியே தருகிறேன், பிறகு தளத்தில் போட்டதும் இதுதான்:

'பின்னேரம் மூன்றரை மணிக்குக் கன்னியாப் பக்கம் கறுத்தது. ஒக்டோபர் இருபத்தாறு. தட்டியில் கட்டாக் கருவாடு இரண்டாம் நாள் வெயிலில் கிடந்தது. பச்சை மீனாக 140 கிலோ வாங்கியது, காய்ந்தால் நாற்பத்தைந்து கிலோ வரும். அதில் பன்னிரண்டு கிலோ வெள்ளவத்தையில் ஒரு அம்மாவுக்கு, மகளின் கலியாணத்துக்கு வந்து திரும்பிப் போகிறவர்களுக்குக் கொடுத்துவிட. காசும் வந்துவிட்டது. இவர் படங்கை இழுக்க ஓடினார். படங்கின் ஒரு மூலையில் போன வருடத்துக் கிழிசல். தைக்க வேணும் என்று நான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த கிழிசல். மழை இருபது நிமிடம்தான். ஆனால் அடுத்த மூன்று நாளும் வெயில் முகம் காட்டவில்லை. நாலாம் நாள் காலை நான் தட்டிக்குக் கிட்டப் போகவில்லை, மணமே சொல்லிவிட்டது. இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனார். நான் வெள்ளவத்தைக்குப் போன் எடுத்தேன். அன்றிலிருந்து ஒக்டோபர் பதினைந்துக்குப் பிறகு தை முடியும் வரை நாங்கள் முற்பணம் வாங்குவதில்லை.'

கோடு. கீழே விலை, போன் நம்பர்.

சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்து இவருக்கு வாசித்துக் காட்டினேன். கிழிசல் வந்த இடத்தில் முகம் மாறிவிட்டது. 'சட்டிக்குள்ள இருக்கிறதை ஏன் ஊருக்குக் காட்டுறாய்?' என்றார். நியாயமான கேள்வி, அன்று என்னிடம் மறுமொழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. காலையில் தொழில்நுட்பம், தேவையானதுதான், சீக்கிரம் முடித்தார். பந்தி சின்னதாக இருக்க வேணும், தலைப்பில் ஆளோ பொருளோ இருக்க வேணும், தேடுகிற ஆட்கள் கருவாட்டைத் தமிழில் தட்டுகிறார்களா ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்களா என்று உங்கள் போனிலேயே தட்டிப் பாருங்கள். கூகுள் 2022 டிசம்பரில் தன் தர மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டியில் எழுதியவரின் நேரடி அனுபவத்தையும் ஒரு அளவுகோலாகச் சேர்த்துக்கொண்டது என்பதையும் சொன்னார். செய்து பார்த்தவர் எழுதியதா, கேள்விப்பட்டவர் எழுதியதா என்பது அதில் ஒரு கேள்வி. எனக்குத் தெம்பாக இருந்தது. அந்தப் பத்துப் பதிவும் ஏன் செத்துக் கிடந்தன என்பதும் விளங்கியது. எழுதியவர் தட்டியை ஒருநாளும் கண்டிருக்கமாட்டார்.

இதைச் சொன்ன அதே வாயால்தான் பதினொரு மணிக்கு என்னுடைய தாளைத் திருப்பித் தந்து சேர் சொன்னார்: 'அக்கா, நல்லா இருக்கு, ஆனா இதுக்குள்ள ஒரு அம்மம்மா வேணும்.'

'எந்த அம்மம்மா?'

'உங்கட அம்மம்மாதான். சின்ன வயசில உங்களுக்கு உப்பு அளவு சொல்லித்தந்தவ. மழை பெய்யேக்க அவட குரல் உங்களுக்குக் கேட்குது. அங்கதான் உணர்ச்சி.'

என்னுடைய அம்மம்மா கருவாட்டு மணம் வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்துகிறவர். ஊரில் வயல் வைத்திருந்த குடும்பம், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள். நான் கடற்கரையில் கலியாணம் முடித்ததற்கே இரண்டு வருடம் கதைக்காமல் இருந்தவர். இதைச் சொன்னேன். மண்டபம் சிரித்தது, சேரும் சிரித்தார், ஆனால் விடவில்லை. அப்படியென்றால் மாமியை வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஆச்சியை வையுங்கள், வாசகருக்கு யார் என்று தெரியவா போகிறது என்றார். அவர் தந்த தாளில் ஒரு அச்சு வார்ப்பு இருந்தது: மூத்தவர் ஒருவர், அவர் சொன்ன ஒரு வசனம், நெருக்கடி, அந்த வசனம் ஞாபகம் வருதல், வெற்றி. கட்டங்களை நிரப்பினால் பதிவு தயார். அந்த மத்தியானம் வாசித்த பதிவுகளில் ஒன்பது பாட்டிமார் வந்தார்கள். கேக் பிள்ளைகள் இரண்டு பேருடைய பாட்டியும் ஒரே வசனத்தைச் சொன்னார். தேன்காரரின் தாத்தா உயிரோடு மண்டபத்துக்கு வெளியே ஓட்டோவில் காத்துக்கொண்டு இருந்தார். பதிவில் அவரைச் சாக வைத்திருந்தார்கள்.

முதல் நாள் நட்டத்தை எழுதச் சொன்னபோது எங்கள் ஒருவருடைய தாளாவது மற்றவருடையது மாதிரி இருக்கவில்லை. இரண்டாம் நாள் வார்ப்பு வந்தவுடன் தயிரும் கேக்கும் தும்புத்தடியும் ஒரே கதையாகிவிட்டன. அதோடு திருகோணமலை பெரிய ஊர் இல்லை. என் அம்மம்மாவைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொய்யாக ஒரு உப்பு ரகசியத்தை அவர் வாயில் வைத்தால், அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயில் வாசலிலேயே யாராவது கேட்பார்கள். கருவாட்டுக்காரிக்கு இருப்பதே ஒரேயொரு முதல்: சொன்ன கிழமை காய்ந்தது என்றால் அந்தக் கிழமைதான் காய்ந்தது. நான் வைக்கவில்லை. சேருக்குக் கோபம் இல்லை, 'உங்கட விருப்பம் அக்கா' என்றார். நல்ல பொடியன்தான். அந்த வார்ப்பைத்தான் பிழை சொல்கிறேன்.

இன்னொரு குறையும் இருக்கிறது. கட்டணத்துக்குள், வகுப்பு முடிந்த பிறகு நாங்கள் எழுதும் இரண்டு பதிவைத் திருத்தி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டையும் ஏப்ரல் முதல் கிழமையில் அனுப்பினேன். ஒன்றுக்கு ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது: 'சிறப்பான முயற்சி. இன்னும் கொஞ்சம் உணர்ச்சி சேர்க்கலாம்.' புறாமலைத் தம்பிக்கு வந்ததும் எழுத்துக்கு எழுத்து அதேதான். மற்றதற்கு இன்று வரை பதில் இல்லை. இரண்டு தரம் கேட்டேன், மூன்றாம் தரம் கேட்கவில்லை.

பலன் என்ன என்பதற்கு வருகிறேன். கட்டாப் பதிவைச் சித்திரை வருடப்பிறப்பு முடிந்து போட்டேன். இணைப்பை எங்கள் வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். முதல் கிழமையில் பதினேழு பேர் எழுதினார்கள். எல்லாரும் வாங்கவில்லை. ஐந்து பேர் வாங்கினார்கள், அதில் மூன்று பேர் புது ஆட்கள். நாலு பேர் தங்கள் வீட்டில் மழையில் நனைந்த மிளகாய், நெல், ஒடியல் கதையை எழுதினார்கள். வெள்ளவத்தை அம்மாவே எழுதினார்: 'அந்த 12 கிலோ நான்தானே!' முற்பணத்தை அன்றே திருப்பி அனுப்பியதை நான் பதிவில் எழுதவில்லை. அவர் அதைக் குழுவில் எழுதினார். நான் எழுதியிருந்தால் விளம்பரமாகியிருக்கும்.

அடியும் விழுந்தது. ஒருவர், 'அப்ப உங்கட கருவாட்டில புழு இருக்குமோ?' என்று கேட்டார். இதைச் சேர் சொல்லித்தரவில்லை, சொல்லியிருக்க வேணும். நட்டத்தை எழுதினால் இப்படியும் ஒரு வாசகர் வருவார். சாப்பாட்டுச் சாமான் விற்கிறவர்கள் அழுகலை எழுதும்போது, அது என்ன ஆனது, எங்கே போனது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுத வேணும். என் பதிவில் 'முருங்கை மரத்தடிக்குப் போனார்' என்று அழகுக்காக நிறுத்தியிருந்தேன். இப்போது 'முழுவதையும் புதைத்தார்' என்று மாற்றிவிட்டேன். அழகு கொஞ்சம் குறைந்தது, போனில் விளக்கம் சொல்வதும் குறைந்தது.

பிறகு இன்னும் சில பதிவுகள் எழுதினேன். மாடி வீட்டுக் குசினி ஓடியது. கச்சான் என்கிற வறண்ட காற்றில் கருவாடு ஏன் ஒன்றரை நாள் முன்கூட்டியே காய்கிறது என்பது நன்றாக ஓடியது. காரணம் தெரிந்துகொள்ள ஆட்களுக்கு ஆசை. உப்பு விலை ஏறியதைப் பற்றி எழுதியது படுத்துவிட்டது, புலம்பலாகப் போய்விட்டது என்று மகள் சொன்னாள். ஒரு பதிவு எழுத எனக்கு இரண்டு பின்னேரம் போகிறது. மாதம் ஒன்றுக்கு மேல் என்னால் ஏலாது. கிழமைக்கு இரண்டு போடுங்கள் என்ற சேரின் கணக்கு மீன் வெட்டாதவர்களுக்கு. பழைய பத்துப் பதிவையும் அழித்துவிட்டேன். ஒமேகா 3 தேடி யாராவது வந்தால் மன்னிக்கவும்.

இவர் கிழிசலைத் தைக்கவில்லை. புதுப் படங்கு வாங்கிவிட்டார். பதிவை வாசித்த சம்மாட்டி ஒருவர் துறையடியில் வைத்துப் பகிடி பண்ணினாராம்.

புரட்டாதியில் மட்டக்களப்பில் இதே வகுப்பை வைக்கிறார்கள் என்று அறிவித்தல் வந்திருக்கிறது, கட்டணம் இப்போது 11,000. மச்சாளின் மகள் அங்கே சேலைக்கு ஓரம் அடித்துக் கொடுக்கிறாள், அவளை அனுப்பலாம் என்று போன் எடுத்துக் கேட்டேன்: சனிக்கிழமைக்கு மட்டும் வரலாமா, பாதிக் காசு கட்டலாமா? மற்றப் பக்கத்தில் ஒரு பிள்ளை கொஞ்ச நேரம் யாரிடமோ கதைத்துவிட்டு வந்து, இரண்டு நாளும் சேர்த்துத்தான் தருவோம் என்றது. அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறச் சொல்லியிருக்கிறேன்.